விரிவடையும் ஸ்டென்ட்

விரிவடையும் ஸ்டென்ட் அல்லது வலைக்குழல் என்பது குறுகிப்போன அல்லது அடைபட்ட குருதிக்குழாயினுள் சுருங்கிய நிலையில் செலுத்தப்பட்டு, உரிய இடத்தில் விரிக்கப்பட்டு, குழாயின் சுவரை உள்ளிருந்து தாங்கி நிற்கும் சிறிய வலைவடிவக் குழல் ஆகும். இது பெரும்பாலும் உலோகத்தால் செய்யப்படுகிறது. இதயத் தசைக்குக் குருதி வழங்கும் இதயத் தமனிகளில் இது மிகுதியாகப் பயன்படுகிறது. கால், கழுத்து, சிறுநீரகம் ஆகியவற்றுக்குச் செல்லும் தமனிகளிலும் பெருந்தமனியிலும் இதன் வேறுபட்ட வடிவங்கள் பயன்படுகின்றன.

ஸ்டென்டின் வடிவமைப்பு ஒன்றுக்கொன்று முரண்பட்ட தேவைகளைச் சமன்செய்யும் பொறியியல் சிக்கலாகும். குறுகலான பாதை வழியே நுழைய அது மெலிதாகவும் நெகிழ்வாகவும் இருத்தல் வேண்டும். விரிந்தபின் சுவரைத் தாங்க வலுவாக இருத்தல் வேண்டும். உடலில் தங்கும் அயற்பொருள் என்பதால் அதில் உலோகம் குறைவாக இருத்தல் வேண்டும். ஒரு தேவையை நிறைவு செய்யும் மாற்றம் பெரும்பாலும் மற்றொன்றைக் கெடுக்கிறது. 1980களிலிருந்து இன்றுவரையான ஸ்டென்டின் வளர்ச்சி, ஒரு தலைமுறை தீர்த்த சிக்கலால் எழுந்த புதிய சிக்கலை அடுத்த தலைமுறை தீர்க்க முயன்ற வரலாறாக அமைந்துள்ளது.

பெயர்

ஸ்டென்ட் என்ற சொல் சார்ல்ஸ் ஸ்டென்ட் (1807–1885) என்ற இங்கிலாந்துப் பல் மருத்துவரின் பெயரிலிருந்து வந்ததாகப் பரவலாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது. பற்களின் அச்செடுக்கப் பயன்படும் ஒரு கலவையை அவர் 1856ஆம் ஆண்டில் மேம்படுத்தினார். முதல் உலகப் போர்க் காலத்தில் டச்சு அறுவை மருத்துவரான யான் எஸர், ஒட்டுத்தோலை உரிய இடத்தில் தாங்கிப் பிடிக்க இக்கலவையைப் பயன்படுத்தினார். திசுவைத் தாங்கிப் பிடிக்கும் பொருள் என்ற பொருளில் அச்சொல் மருத்துவத்தில் நிலைத்தது.

தேவை

தமனியின் உட்சுவரில் கொழுப்பு, சுண்ணாம்பு, நார்த்திசு முதலியன படிவதால் அதன் உள்விட்டம் குறைகிறது. ஒரு குழாயில் சீராகப் பாயும் நீர்மத்தின் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது புவாசேயின் விதியாகும். இதன்படி, அழுத்தம் மாறாதிருக்கையில் ஆரம் பாதியானால் பாய்வு பதினாறில் ஒரு பங்காகக் குறைகிறது. உயிருள்ள தமனியில் நிலைமை இதைவிடச் சிக்கலானது எனினும், சிறிய குறுகலும் ஏன் பெரிய விளைவைத் தருகிறது என்பதை இவ்விதி உணர்த்துகிறது.

ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக் என்ற செருமானிய மருத்துவர் 1977 செப்டம்பர் 16 அன்று சூரிக் நகரில், விழித்திருந்த ஒரு நோயாளியின் இதயத் தமனியில் பலூனைச் செலுத்தி விரித்துக் குறுகலை அகற்றினார். ஆஞ்சியோபிளாஸ்டி எனப்படும் இம்முறை மார்பைத் திறக்காமல் சிகிச்சை அளிக்க வழிவகுத்தது. ஆனால் பலூனுக்கு மட்டும் மூன்று குறைகள் இருந்தன.

1. மீள்சுருக்கம்: பலூனை எடுத்தவுடன் தமனியின் மீள்தன்மையுள்ள சுவர் ஓரளவு பழைய நிலைக்குத் திரும்பும்.
2. திடீர் அடைப்பு: பலூன் விரியும்போது உட்சுவர் கிழிந்து, கிழிந்த மடல் பாதையை மூடக்கூடும். அந்நிலையில் நோயாளியை உடனடியாகப் பைபாஸ் அறுவைக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது.
3. மீள்குறுகல்: ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுக்கு, சில மாதங்களில் அதே இடம் மீண்டும் குறுகியது.

முதல் இரண்டும் பெரும்பாலும் இயந்திரவியல் சிக்கல்கள். அவற்றுக்கு உள்ளிருந்து தாங்கும் ஒரு சாரம் போதும். மூன்றாவது சிக்கலில் சுவர் சுருங்குதலும் காயத்துக்கு உயிரணுக்கள் காட்டும் எதிர்வினையும் சேர்ந்துள்ளன. இவ்வேறுபாடு பின்னர் மிக முதன்மையானதாயிற்று.

வரலாறு

அமெரிக்கக் கதிரியல் மருத்துவர் சார்ல்ஸ் டாட்டர் 1964ஆம் ஆண்டில், ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகும் குழாய்களைக் கொண்டு காலின் தமனிக் குறுகலை விரித்தார். 1969இல் நாய்களின் கால் தமனிகளில் சுருள்கம்பிக் குழல்களைப் பொருத்திய ஆய்வை வெளியிட்டார். 1983இல் டாட்டர் குழுவினரும் ஆண்ட்ரூ கிராக் குழுவினரும் தனித்தனியே, நிட்டினால் என்ற கலப்புலோகத்தால் ஆன சுருள்களைப் பற்றிய ஆய்வுகளை வெளியிட்டனர்.

மனித இதயத் தமனியில் முதல் ஸ்டென்ட் 1986ஆம் ஆண்டில் பொருத்தப்பட்டது. பிரான்சின் துலூஸ் நகரில் ஜாக் புவெல், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உல்ரிச் சிக்வார்ட் ஆகியோர் இதனைச் செய்தனர். அவர்கள் பயன்படுத்திய வால்ஸ்டென்ட், மெல்லிய எஃகுக் கம்பிகளைப் பின்னிச் செய்யப்பட்ட, தானாக விரியும் குழல் ஆகும். பின்னலை நீளவாக்கில் இழுத்தால் அது மெலியும்; விட்டால் அகலும். 1991இல் வெளியான ஓர் ஆய்வில், இவ்வகை பொருத்தப்பட்ட 105 நோயாளிகளில் 24 விழுக்காட்டினருக்கு ஸ்டென்ட் அடைபட்டது தெரியவந்தது. தாங்கும் வலு மட்டும் போதாது, குருதி உலோகத்தைச் சந்திக்கும்போது நிகழ்வதையும் வடிவமைப்பு கணக்கில் கொள்ள வேண்டும் என்பதற்கு இது தொடக்கக்கால எச்சரிக்கையாக அமைந்தது.

பலூனால் விரியும் ஸ்டென்டை உருவாக்கியவர் அர்கெந்தீனாவில் பிறந்த கதிரியல் மருத்துவர் உலியோ பால்மாஸ். 1978இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் குரூன்ட்சிக்கின் உரையைக் கேட்ட அவர், பலூன் விரித்த இடத்தைத் தாங்க ஒரு சாரம் வேண்டும் என்று கருதினார். முதலில் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிச் சந்திப்புகளில் பற்றவைத்துப் பார்த்தார். சுவர்ப் பூச்சு வேலைக்குப் பயன்படும், பிளவுகள் வெட்டி இழுத்து விரித்த உலோகத் தகட்டின் ஒரு துண்டை அவர் தம் வாகனக் கொட்டகையில் கண்டார். அதன் கண்கள் சாய்சதுர வடிவில் திறந்து நின்றன. சந்திப்புகளில் ஒட்டு எதுவும் இல்லை. இதுவே அவருடைய வடிவத்துக்கு அடிப்படையாயிற்று. ஒரு மெல்லிய எஃகுக் குழாயில் நீளவாக்கில் வரிசை மாற்றி வரிசையாகப் பிளவுகள் வெட்டப்பட்டன. உள்ளிருந்து பலூன் தள்ளும்போது பிளவுகள் சாய்சதுரங்களாகத் திறந்தன. உலோகம் நிலையாக உருமாறியதால் பலூனை எடுத்த பின்னும் குழல் விரிந்தே நின்றது.

இக்குழல் வளையாத தன்மை உடையது. வளைந்து நெளிந்து செல்லும் இதயத் தமனிகளில் அதைச் செலுத்துவது கடினம். ரிச்சர்ட் சாட்ஸ் என்ற இதய மருத்துவர், 7 மில்லிமீட்டர் நீளமுள்ள இரு துண்டுகளை 1 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு பாலத்தால் இணைத்து நடுவில் வளையும்படி செய்தார். பால்மாஸ்–சாட்ஸ் ஸ்டென்ட் எனப்பட்ட இவ்வடிவத்தை இதயத் தமனிகளில் பயன்படுத்த 1994இல் ஐக்கிய அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது.

அதே ஆண்டில் பெனெஸ்டென்ட், ஸ்ட்ரெஸ் என்ற இரு ஆய்வுகள் வெளிவந்தன. பெனெஸ்டென்ட் ஆய்வில் பலூன் மட்டும் பயன்படுத்தியோரில் 32 விழுக்காடாக இருந்த மீள்குறுகல், ஸ்டென்ட் பெற்றோரில் 22 விழுக்காடாகக் குறைந்தது. ஆயினும் குருதி உறையாதிருக்க அக்காலத்தில் அளிக்கப்பட்ட கடும் மருந்துகளால், குருதிக்கசிவும் குழாய்ச் சிக்கல்களும் ஸ்டென்ட் பெற்றோரில் 13.5 விழுக்காடாகவும் மற்றோரில் 3.1 விழுக்காடாகவும் இருந்தன. 1995இல் இத்தாலியின் அந்தோனியோ கொலம்போ குழுவினர், குழாயினுள் செலுத்தும் மீயொலிக் கருவியால் பார்த்து, பல ஸ்டென்டுகள் முழுமையாக விரியாமலும் சுவரோடு ஒட்டாமலும் இருந்ததைக் காட்டினர். உயர் அழுத்தத்தில் முழுமையாக விரித்தால், குருதித் தட்டணுக்களைத் தடுக்கும் மாத்திரைகளே போதும் என்று அவர்கள் நிறுவினர். அதன்பின் ஸ்டென்டின் பயன்பாடு விரைந்து பரவியது.

விரியும் முறைகள்

பலூனால் விரிபவை

இவ்வகை ஸ்டென்ட், மடித்த பலூனின்மேல் இறுக்கிப் பொருத்தப்படுகிறது. மணிக்கட்டு அல்லது தொடைத் தமனி வழியே மெல்லிய வழிகாட்டிக் கம்பியின்மீது நகர்த்தப்பட்டு, குறுகலை அடைந்ததும் பலூன் நீர்மத்தால் நிரப்பப்படுகிறது. இழைகள் தம் மீள்தன்மை எல்லையைத் தாண்டி வளைவதால் விரிந்த வடிவம் நிலைபெறுகிறது. இதன் சிறப்பு, இடத்தையும் விட்டத்தையும் துல்லியமாகத் தேர்ந்தெடுக்க முடிவதாகும். குறை, வெளியிலிருந்து நசுக்கப்பட்டால் மீண்டும் எழாமல் நசுங்கியே கிடப்பதாகும். உடலின் ஆழத்தில் காக்கப்பட்டுள்ள இதயத் தமனிகளுக்கு இது பொருந்துகிறது. கழுத்து, கால் போன்ற இடங்களுக்குப் பொருந்துவதில்லை.

தானாக விரிபவை

இவை விரிந்த வடிவிலேயே செய்யப்பட்டு, பின்னர்ச் சுருக்கி ஒரு மெல்லிய உறையினுள் அடைக்கப்படுகின்றன. உரிய இடத்தில் உறையைப் பின்னிழுக்கும்போது ஸ்டென்ட் தானே விரிகிறது. இன்று இவை பெரும்பாலும் நிக்கலும் டைட்டேனியமும் கலந்த நிட்டினாலால் செய்யப்படுகின்றன. எஃகு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான நீட்சியிலேயே நிலையாக உருமாறத் தொடங்கும். நிட்டினாலோ சுமார் 8 விழுக்காடு வரை உருமாறியும் பழைய வடிவுக்குத் திரும்பவல்லது. அதன் படிக அமைப்பு தகைவின்போது ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு மாறி, தகைவு நீங்கியதும் திரும்புவதே இதற்குக் காரணம்.

நிட்டினாலுக்கு மேலும் ஒரு பயனுள்ள பண்பு உண்டு. சுருக்கும்போது அது காட்டும் எதிர்ப்பு, விரியும்போது அது தரும் விசையைவிட மிகுதி. எனவே தமனியின் சுவரை மெதுவாகவே வெளித்தள்ளுகிறது; ஆனால் வெளியிலிருந்து நசுக்க முயன்றால் வலுவாக எதிர்க்கிறது. சுவரோடு ஒட்டி நிற்பதற்காக, தமனியின் விட்டத்தைவிடச் சற்றுப் பெரிய ஸ்டென்ட் தேர்ந்தெடுக்கப்படுகிறது. அளவுக்கு மீறிப் பெரிதானால், இடையறாத வெளித்தள்ளலால் சுவர் காயமுற்று மீள்குறுகல் ஏற்படக்கூடும்.

வலையின் வடிவம்

இன்றைய பெரும்பாலான ஸ்டென்டுகளில் வளைந்து நெளிந்த வளையங்கள் வரிசையாக அமைந்திருக்கும். வளையங்கள் தாங்கும் வலுவைத் தருகின்றன. அவற்றை இணைக்கும் சிறு இணைப்பிகள் நீளவாக்கில் குழலை ஒன்றாகப் பிடித்து வைக்கின்றன. இவற்றுக்கு இடைப்பட்ட திறப்பு வலைக்கண் எனப்படும்.

எல்லா வளைவுகளும் அடுத்த வளையத்துடன் இணைக்கப்பட்டால் அது மூடிய கண் அமைப்பு. சுவரைச் சீராகத் தாங்கும் இது வளைவதற்குக் கடினமானது. சில வளைவுகள் மட்டும் இணைக்கப்பட்டால் அது திறந்த கண் அமைப்பு. இது எளிதாக வளையும்; கிளைத் தமனிக்கு வழிவிடும். ஆனால் வளைவின் வெளிப்புறத்தில் கண்கள் அகன்று, அங்கே சுவருக்குத் தாங்கல் குறையும்.

இணைப்பிகளைக் குறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. நெகிழ்வுக்காக இணைப்பிகள் இரண்டாகக் குறைக்கப்பட்ட சில வடிவங்கள், மற்றொரு கருவி உரசும்போது நீளவாக்கில் சுருங்கிக் குவிந்த நிகழ்வுகள் 2011 முதல் பதிவாயின. அதன்பின் முனையில் கூடுதல் இணைப்பிகள் சேர்க்கப்பட்டன.

விரியும்போது நீளம் குறைவதும் வடிவத்தின் விளைவே. சாய்சதுரக் கண்ணின் பக்கங்கள் நீள்வதில்லை. திசையை மட்டும் மாற்றுகின்றன. குழலின் அச்சுக்கு இணையாக இருந்த ஓர் இழை 60 பாகை சாய்ந்தால், அச்சுத் திசையில் அதன் நீளம் பாதியாகிறது. குறுகலின் ஒரு முனை மூடப்படாமல் போக இது காரணமாகலாம். வளையங்களையும் இணைப்பிகளையும் பிரித்து அமைப்பதால், வளையங்கள் விரிந்தாலும் குழலின் மொத்த நீளம் பெரிதாக மாறாதபடி செய்ய முடிகிறது.

தாங்கும் வலு இழையின் அளவைப் பொறுத்தது. எளிய வளைவுக் கோட்பாட்டின்படி, வளையம் சுருங்குவதை எதிர்க்கும் விறைப்பு, இழையின் அகலத்தின் மும்மடிக்கும் தடிமனுக்கும் நேர்விகிதத்திலும், நீளத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்திலும் அமைகிறது. அகலத்தை இருமடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும். தடிமனை இருமடங்காக்கினால் இரண்டு மடங்கே ஆகும். இதனாலேயே வலுவைப் பெரிதும் இழக்காமல் தடிமனைக் குறைக்க வடிவமைப்பாளர்களால் முடிகிறது.

இழையின் தடிமனும் உலோகமும்

தடிமன் ஏன் குறைய வேண்டும் என்பதற்கு 2001இல் வெளியான இசார்–ஸ்டீரியோ ஆய்வு தெளிவான விடை அளித்தது. ஏறத்தாழ ஒரே வடிவமும் ஒரே உலோகமும் கொண்ட, தடிமனில் மட்டும் வேறுபட்ட இரு ஸ்டென்டுகள் அதில் ஒப்பிடப்பட்டன. 140 மைக்ரோமீட்டர் இழையில் மீள்குறுகல் 25.8 விழுக்காடு, 50 மைக்ரோமீட்டர் இழையில் 15.0 விழுக்காடு. தடித்த இழை குருதியோட்டத்தில் பெரிய தடையாக நின்று அதன் பின்னே தேக்கத்தை உண்டாக்குகிறது. அதனை மூடிக் குணமாகத் திசுவும் மிகுதியாக வளர வேண்டியுள்ளது.

ஆனால் மெல்லிய எஃகு இழை ஊடுகதிர்ப் படத்தில் மங்கலாகத் தெரியும்; தாங்கும் வலுவும் குறையும். இதற்குத் தீர்வாக வேறு உலோகங்கள் நாடப்பட்டன. மருத்துவத் தர எஃகின் யங் குணகம் சுமார் 193 கிகாபாசுக்கல். ஸ்டென்டுகளில் பயன்படும் ஒரு கோபால்ட்–குரோமியக் கலப்புலோகத்தின் யங் குணகம் சுமார் 243 கிகாபாசுக்கல். எஃகைவிட அடர்த்தியும் மிகுதி என்பதால் அது படத்தில் தெளிவாகத் தெரிகிறது. மூன்றில் ஒரு பங்கு பிளாட்டினம் கலந்த பிளாட்டினம்–குரோமியக் கலப்புலோகமும் இந்நோக்கத்துக்காகவே உருவாக்கப்பட்டது. 2000களின் தொடக்கத்தில் 140 மைக்ரோமீட்டர் அளவில் இருந்த இழைகள், பத்தாண்டுக்குள் 80 மைக்ரோமீட்டர் அளவுக்கும், சில வடிவங்களில் 60 மைக்ரோமீட்டருக்கும் மெலிந்தன.

தயாரிப்பும் சோதனையும்

தையலற்ற மெல்லிய உலோகக் குழாயில், கணினியால் இயக்கப்படும் சீரொளிக் கதிர் வலையின் வடிவத்தை வெட்டுகிறது. வெட்டிய விளிம்புகளில் உள்ள பிசிறுகளும் ஆக்சைடுப் படலமும் அகற்றப்பட்டபின், மின்வேதி முறையில் மேற்பரப்பு மெருகேற்றப்படுகிறது. இது தோற்றத்துக்கான மெருகன்று. கண்ணுக்குத் தெரியாத கீறலே பின்னாளில் உலோகம் முறியத் தொடங்கும் இடமாகலாம். சொரசொரப்பான பரப்பில் தட்டணுக்கள் எளிதில் ஒட்டும்.

நிமிடத்துக்கு 72 முறை துடிக்கும் இதயம் ஓர் ஆண்டில் சுமார் 3.8 கோடி முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் தமனி சற்று விரிந்து சுருங்குகிறது. பத்தாண்டுக் காலத்தைக் கருத்தில்கொண்டு, செயற்கைக் குழாய்களில் சுமார் 40 கோடி சுழற்சிகள் வரை ஸ்டென்டுகள் சோதிக்கப்படுகின்றன. ஆர வலு, மீள்சுருக்கம், நெகிழ்வு, அரிப்பு ஆகியவையும் அளக்கப்படுகின்றன.

மருந்து பூசிய ஸ்டென்ட்

உலோகச் சாரம் மீள்சுருக்கத்தையும் திடீர் அடைப்பையும் தீர்த்தது. ஆனால் இழைகள் சுவரைக் காயப்படுத்துவதால், நடுப்படலத்தின் தசை உயிரணுக்கள் பெருகி உள்ளே நகர்ந்து, வலைக்கண்களின் வழியே வளர்ந்து மீண்டும் பாதையைக் குறுக்கின. இது இயந்திரவியல் வலுவால் தீர்க்கக்கூடிய சிக்கலன்று.

தீர்வாக, உயிரணுப் பெருக்கத்தைத் தடுக்கும் மருந்து ஒரு பல்லுறுப்பிப் படலத்தில் கலந்து இழைகளின்மீது பூசப்பட்டது. முதலில் வெற்றி கண்ட மருந்து சிரோலிமஸ். ஈஸ்டர் தீவின் மண்ணில் காணப்பட்ட ஒரு நுண்ணுயிரிலிருந்து பெறப்பட்ட இது, உயிரணுவைப் பிளவுக்கு முந்திய நிலையிலேயே நிறுத்துகிறது. 1999 டிசம்பரில் பிரேசிலின் சாவோ பாவுலோ நகரில் எடுவார்டோ சோசா இவ்வகை ஸ்டென்டை முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தினார். 2002இல் வெளியான ராவல் ஆய்வில் ஆறு மாத மீள்குறுகல், மருந்தில்லா ஸ்டென்டில் 26.6 விழுக்காடாகவும் மருந்து பூசியதில் சுழியாகவும் இருந்தது. சைஃபர் என்ற பெயரில் இது 2003இல் ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பாக்லிடாக்சல் பூசிய டாக்சஸ் 2004இல் ஒப்புதல் பெற்றது.

இவ்வெற்றியே அடுத்த சிக்கலுக்கு வித்திட்டது. தசை உயிரணுக்களைத் தடுத்த மருந்து, இழைகளை மூடிக் குணப்படுத்த வேண்டிய அகப்படல உயிரணுக்களையும் தடுத்தது. மருந்து தீர்ந்தபின் எஞ்சிய பல்லுறுப்பி சிலருக்கு அழற்சியை உண்டாக்கியது. மூடப்படாத உலோகத்தின்மேல், ஓராண்டு கடந்த பின்னும் திடீரெனக் குருதி உறையக்கூடும் என்பது தெரியவந்தது. இது அரிதாகவே நிகழ்கிறது. ஆனால் நிகழ்ந்தால் பெரும்பாலும் மாரடைப்பில் முடிகிறது. மீள்குறுகல் மெதுவாக வரும், நெஞ்சுவலியால் முன்னறிவிக்கும். குருதியுறைவு முன்னறிவிப்பின்றி வரும். 2006இல் பார்சிலோனாவில் நடந்த ஐரோப்பிய இதயவியல் மாநாட்டில் இவ்வச்சம் பெரிதும் விவாதிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்க நிர்வாகத்தின் வல்லுநர் குழுவும் கூடி ஆராய்ந்தது. ஆஸ்பிரினுடன் மற்றொரு தட்டணுத் தடுப்பு மருந்தையும் நீண்ட காலம் சேர்த்து உட்கொள்வது வலியுறுத்தப்பட்டது. மருத்துவரைக் கேளாமல் இம்மாத்திரைகளை நிறுத்துவது ஸ்டென்டினுள் குருதி உறைவதற்கான முதன்மைக் காரணங்களில் ஒன்றாகும்.

அடுத்த தலைமுறை, மெல்லிய கோபால்ட்–குரோமிய இழை, உடலுக்கு இணக்கமான பல்லுறுப்பி, எவரோலிமஸ் போன்ற மருந்து ஆகியவற்றைச் சேர்த்துப் பயன்படுத்தியது. 2008இல் ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற, 81 மைக்ரோமீட்டர் இழை கொண்ட சயன்ஸ் இதற்கு எடுத்துக்காட்டு. இவற்றில் காலந்தாழ்ந்த குருதியுறைவு குறைந்தது. கரைந்து மறையும் பல்லுறுப்பி கொண்டவையும், பல்லுறுப்பியே இல்லாதவையும் பின்னர் வந்தன. முதல் தலைமுறையின் சைஃபர் தயாரிப்பை நிறுத்துவதாக அதன் நிறுவனம் 2011இல் அறிவித்தது.

கரையும் ஸ்டென்ட்

தமனிக்குத் தாங்கல் தேவைப்படுவது சில மாதங்களுக்கே. அதன்பின் ஸ்டென்ட் மறைந்துவிட்டால் தமனி இயல்பாகச் சுருங்கி விரியலாம், அயற்பொருளும் இராது என்பது கரையும் ஸ்டென்டின் அடிப்படைக் கருத்து. ஜப்பானில் உருவான இகாக்கி–தமாய் ஸ்டென்ட், பாலிலாக்டிக் அமிலத்தால் ஆகி, 1990களின் இறுதியில் மனித இதயத் தமனிகளில் பொருத்தப்பட்டது.

ஆனால் இப்பொருள் உலோகத்தைவிட மிகவும் வலுக்குறைந்தது. ஈடுசெய்ய இழையைத் தடிமனாக்க வேண்டியிருந்தது. 2016இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற அப்சார்ப் என்ற கரையும் ஸ்டென்டின் இழைத் தடிமன், பூச்சுடன் சேர்த்துச் சுமார் 157 மைக்ரோமீட்டர். இது சைஃபர் காலத்துத் தடிமனையும் விஞ்சியது. அளவுக்கு மேல் விரித்தால் இழை முறியும் குறையும் இருந்தது. மூன்றாண்டு முடிவில் குருதியுறைவு அப்சார்பில் 2.3 விழுக்காடாகவும், உலோக ஸ்டென்டில் 0.7 விழுக்காடாகவும் இருந்தது. 2017இல் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. மக்னீசியக் கலப்புலோகத்தால் ஆன, சுமார் ஓராண்டில் கரையும் ஸ்டென்ட் ஒன்று 2016இல் ஐரோப்பிய ஒப்புதல் பெற்றது. 2024இல், 100 மைக்ரோமீட்டருக்கும் மெலிந்த இழை கொண்ட கரையும் ஸ்டென்ட் ஒன்று, முழங்காலுக்குக் கீழுள்ள தமனிகளுக்காக ஐக்கிய அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

இதயத்துக்கு வெளியே

தொடையிலிருந்து முழங்காலுக்குச் செல்லும் தமனி, நடக்கும்போதும் உட்காரும்போதும் வளைகிறது, முறுக்கப்படுகிறது, நீளவாக்கில் சுருங்குகிறது. தொடக்கக்கால நிட்டினால் ஸ்டென்டுகள் இங்கே களைப்புற்று முறிந்தன. இணைப்பிகளின் எண்ணிக்கையையும் இடத்தையும் மாற்றியும், கம்பிகளைப் பின்னியும் புதிய வடிவங்கள் உருவாக்கப்பட்டன.

பெருந்தமனி வீங்கி வெடிக்கும் நிலையில், குறுகலைத் திறப்பதற்கு மாறாக, வீக்கத்துக்குள் குருதி செல்லாமல் தடுக்க வேண்டும். இதற்காகத் துணிக்குழாயுடன் இணைத்த ஸ்டென்ட் பயன்படுகிறது. 1987இல் கார்கிவ் நகரில் நிகொலாய் வொலொதோஸ் மார்புப் பெருந்தமனியிலும், 1990இல் புவெனோஸ் ஐரெஸ் நகரில் உவான் பரோதி வயிற்றுப் பெருந்தமனியிலும் இம்முறையைக் கையாண்டனர்.

விலையும் கிடைக்கும் நிலையும்

ஸ்டென்டின் விலை வளரும் நாடுகளில் பெரும் சிக்கலாக இருந்துவந்துள்ளது. இந்தியாவில் 1990களில் அறிவியலாளர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாமும் ஐதராபாத்தைச் சேர்ந்த இதய மருத்துவர் சோம ராஜுவும் இணைந்து குறைந்த விலை ஸ்டென்ட் ஒன்றை உருவாக்கினர். அது கலாம்–ராஜு ஸ்டென்ட் எனப்பட்டது. 2016இல் இந்திய அரசு இதயத் தமனி ஸ்டென்டுகளை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், மருந்தில்லா ஸ்டென்டுக்கு 7,260 ரூபாயும் மருந்து பூசியதற்கும் கரையும் வகைக்கும் 29,600 ரூபாயும் உச்ச விலையாக அறிவித்தது. அதற்கு முன் மருந்து பூசிய ஸ்டென்டுகள் பல, ஓர் இலட்சம் ரூபாய்க்கு மேல் விற்கப்பட்டன.

பயன்பாட்டின் எல்லை

மாரடைப்பு நிகழ்ந்துகொண்டிருக்கும்போது அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் பொருத்துவது உயிரைக் காக்கிறது. ஆனால் மாரடைப்பின்றி, உழைப்பின்போது மட்டும் நெஞ்சுவலி வரும் நிலைத்த நோயில் நிலைமை வேறு. 2007இல் வெளியான கரேஜ் ஆய்வும் 2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்வும், இத்தகையோரில் மருந்துகளோடு ஸ்டென்ட் முதலிய சிகிச்சையைத் தொடக்கத்திலேயே சேர்ப்பது இறப்பைக் குறைக்கவில்லை எனக் காட்டின. 2017இல் வெளியான ஆர்பிட்டா ஆய்வில், ஏற்கெனவே போதிய மருந்து பெற்றுவந்த 200 நோயாளிகளில், ஸ்டென்ட் பெற்றோருக்கும் போலிச் சிகிச்சை பெற்றோருக்கும் இடையே உடற்பயிற்சித் திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 2023இல் வெளியான ஆர்பிட்டா–2 ஆய்வு, நெஞ்சுவலி மருந்துகள் நிறுத்தப்பட்ட நோயாளிகளில் ஸ்டென்ட் வலியைக் குறைத்ததைக் காட்டியது.

ஸ்டென்ட் ஒரு குறிப்பிட்ட இடத்தின் குறுகலை மட்டுமே நீக்குகிறது. கொழுப்புப் படிவை உண்டாக்கும் நோய் மற்ற தமனிகளில் தொடரக்கூடும். எனவே ஸ்டென்ட் பொருத்தியபின்னும் புகைபிடித்தலைக் கைவிடுதல், குருதியழுத்தத்தையும் நீரிழிவையும் கொழுப்பின் அளவையும் கட்டுப்படுத்துதல், மாத்திரைகளை ஒழுங்காக உட்கொள்ளுதல் ஆகியன சிகிச்சையின் பகுதிகளாகக் கருதப்படுகின்றன.